முகாம் அடுப்பு

தனக்கொடி கணவனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் சகாயராணி அடுப்பை அணைத்தாள். முகாமுக்கே சமைக்கிறவள் அவள். உலை அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருந்தது. பிணம் கிடக்கிற இடத்தில் அடுப்பு எரியக்கூடாது. அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆற்றுவெள்ளம் செலியமேட்டுக்குள் புகுந்ததிலிருந்து ஊரே இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் கிடந்தது. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இருசப்பன் அப்படியே சாய்ந்துவிட்டார். சுடுகாடு தண்ணீருக்கடியில். உடலைப் பாகூருக்குக் கொண்டுபோகப் படகு வரவேண்டும்.

"போட்டு சாயந்திரந்தான் வருமாம் அண்ணி," என்றான் கொழுந்தன் மணிவண்ணன்.

தனக்கொடி தலையசைத்தாள். சொன்னால் வெட்கம், அத்தனை துக்கத்திலும் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் சேறு மிதித்த மனுஷன். அவருக்காக யாரும் எதையும் நிறுத்தி வைத்ததில்லை. இன்று அந்தக் கழனிக்குச் சொந்தக்காரி ஆதிலட்சுமி வரைக்கும் பட்டினியாக உட்கார்ந்திருந்தாள். இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

உச்சிப்பொழுது தாண்டியது. பிஸ்கட்டும் தீர்ந்தது. குழந்தைகள் அழுது அழுது ஓய்ந்துபோனார்கள். ஆதிலட்சுமியின் பேரன் ஊறிய அரிசியை அள்ளி மென்றான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, தனக்கொடி பார்த்துவிட்டாளோ என்று திரும்பினாள்.

பார்த்துவிட்டாள். எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தாள்.

"அடுப்பப் பத்த வையி ராணி."

"இன்னாக்கா பேசற? அண்ணன் அங்க கெடக்கறப்போ... நான் மாட்டேம்பா."

"வாணாம் தனக்கொடி," என்றாள் ஆதிலட்சுமி. "ஒரு வேளதான, இருந்துக்கலாம்."

"நீங்க இருப்பீங்கம்மா. புள்ளைங்க இருக்குமா?"

சகாயராணி தீப்பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தனக்கொடி அவள் கையைப் பிரித்து அதை வாங்கினாள். மூட்டையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்து, வாய்க்கரிசிக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு குச்சியைக் கிழித்தாள். ஈரக்காற்றில் அணைந்துபோயிற்று. மறுபடி கிழித்தாள். அடுப்பு குப்பென்று பற்றியது. அவருக்குக் கிடைத்த ஒரே மரியாதையைத் தன் கையாலேயே பறித்துவிட்டாள்.

வகுப்பறைக்குள் திரும்பி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சோறு வெந்த ஆவி சன்னல் வழியாக உள்ளே வந்தது. சாத்துவதற்கு எழுந்தாள். வெளியே வரிசையாக உட்கார்ந்து பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சன்னலைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.