அனைத்தையும் நீக்குக

கண்ணாடியைத் தட்டக் கூடாது என்று காவலர் இரண்டாவது முறையாகச் சொன்னார். மெய்னிர் தட்டவில்லை. கை தானாக முஷ்டியாகிக் கண்ணாடியில் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். கீழே வேல்ஸ் பேரவை உறுப்பினர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கொரு கணினியோடு. பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தால் திரைகளெல்லாம் நன்றாகத் தெரியும். சுகாதார அமைச்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் ஒருவர் கிரீஸ் நாட்டுக் கடற்கரை விடுதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு கும்கார்த் மருத்துவமனையின் டயாலிசிஸ் அறையைப் பற்றியது. நாலு நாற்காலி, நாலு இயந்திரம், இரண்டு நர்ஸ். போன இலையுதிர்காலத்தில் அதை மூடிவிட்டார்கள். அதில் ஜன்னலோரத்து நாற்காலி அவள் கணவன் இட்வலுடையது.

அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், காலை ஐந்தரைக்கு ஆஸ்பத்திரிக் கார் வரும். மலையைத் தாண்டிப் போக இரண்டு மணி நேரம், இயந்திரத்தில் நாலு மணி நேரம், திரும்பி வர இரண்டு மணி நேரம். வந்து இறங்கும்போது இட்வலின் முகம் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருக்கும். கிறிஸ்துமஸ் விருந்தில், வாத்துக்கறியைத் தொடாமல் வைத்துவிட்டு அவன் சொன்னான்: "அந்த ரூமைத் திறக்கலேன்னா வசந்தத்தோட நிறுத்திக்கப் போறேன் மெய்னிர். இருபத்தாறு வருஷம் சுரங்கத்துல சாகாதவன், கார் பின்சீட்டுல சாகணுமா?" டயாலிசிஸை நிறுத்தினால் பத்து நாள் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது மார்ச் மாதம் பாதி ஓடிவிட்டது.

இந்தப் பேரவை வானத்திலிருந்து குதித்ததில்லை. பத்து வருஷத்துக்கு முன் வேல்ஸுக்குச் சொந்தமாக ஒரு சபை வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது, மெய்னிரும் இட்வலும் கொட்டுகிற மழையில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். லண்டன்காரனுக்கு நம் பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறதென்றே தெரியாது, நம் பிள்ளைகள் உட்கார்ந்து பேசினால் நமக்கு வேண்டியது நடக்கும் என்று தொண்டை கட்டப் பேசினார்கள். மயிரிழையில் ஜெயித்த ராத்திரி இட்வல் அழுதுவிட்டான். அந்தப் பிள்ளைகள்தான் கீழே உட்கார்ந்திருந்தார்கள். எதற்கெடுத்தாலும் 'அதிகாரம் லண்டனில் இருக்கிறது' என்று கையை விரிக்கிறவர்களால் இன்றைக்கு அதைக்கூடச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி முழுக்க முழுக்க இவர்கள் கையில் இருக்கிறது. தன் சொந்த மொழியில், காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டாமலே எல்லாம் புரிந்தது அவளுக்கு. வெல்ஷ் மொழியில் இவ்வளவு வழுக்கலாகப் பேச முடியும் என்பதை அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

கெரைன்ட் எழுந்தான். அவர்கள் தொகுதி உறுப்பினர், ஆளுங்கட்சிக்காரன். கும்கார்த் பள்ளிச் சமையலறையில் மெய்னிர் பரிமாறிய சாப்பாட்டில் வளர்ந்தவன். இரண்டாம் கரண்டி கஸ்டர்டுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றவன். அந்த அறையைத் திறக்கச் சொல்லி எதிர்க்கட்சி கொண்டுவந்த தீர்மானம் என்றாலும் அவன் நன்றாகவே பேசினான். நாலு நாற்காலியைச் சொன்னான், மலைப்பாதையில் பனி விழுவதைச் சொன்னான், 'என் பள்ளிக்குச் சோறு போட்ட ஒரு பெண்மணியின் கணவர்' என்றுகூடச் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெயின்வென், அடுத்த வீட்டுக்காரி, காரோட்டிக் கூட்டிவந்தவள், மெய்னிரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாக்கெடுப்பு மணி அடித்தது. உறுப்பினர்கள் பொத்தானை அழுத்தினார்கள். முதலில் ஒரு திருத்தம், பிறகு தீர்மானம். திரையில் எண்கள் வந்தன: ஆதரவு ஐம்பத்தொன்று, எதிர்ப்பு இல்லை. தீர்மானம் நிறைவேறியது என்றார் அவைத் தலைவர்.

"ஜெயிச்சுட்டோம்டி," என்று கெயின்வென் அவளைக் கட்டிக்கொண்டாள். "ஒருத்தன்கூட எதிர்க்கல பாரு. இரு, இட்வலுக்கு போன் போட்டுச் சொல்லிட்டு வரேன்."

மெய்னிர் கீழே இறங்கிப் போனாள். கருங்கல் பலகை பாவிய கூடத்தில் கெரைன்ட் அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான். அவள் அவனைத் தழுவிக்கொண்டாள். பையில் இருந்த நிகழ்ச்சி நிரலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு கண்ணு. சமையலறைச் சுவத்துல மாட்டி வைக்கிறேன்."

அவன் பேனாவை எடுத்தான். எடுத்தவன் எழுதவில்லை.

"ஆன்ட்டி, திருத்தத்தைப் படிச்சீங்களா?"

தீர்மானத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததை அவள் படித்திருக்கவில்லை. இப்போது படித்தாள். 'அனைத்தையும் நீக்கி, அதற்குப் பதிலாகச் சேர்க்க: சிறுநீரக சிகிச்சையை நவீனமாக்கும் அரசின் முயற்சிகளைப் பேரவை வரவேற்கிறது, கும்கார்த் மக்களின் கருத்துகளைக் கவனத்தில் கொள்கிறது.' அவள் இன்னொரு தடவை படித்தாள். திறக்க வேண்டும் என்ற சொல்லைத் தேடினாள்.

"அனைத்தையும்னா?"

"பழைய வாசகம் முழுக்க. இங்க வழக்கமா நடக்கிறதுதான் ஆன்ட்டி. எதிர்க்கட்சித் தீர்மானம்னா அரசாங்கம் இப்படி ஒரு திருத்தம் குடுக்கும். அது பாஸானதுக்கப்புறம், யாரும் எதிர்க்க ஒண்ணுமில்ல."

"நீ எதுக்கு ஓட்டுப் போட்டே?"

"திருத்தத்துக்கு ஆதரவாத்தான். கட்சி உத்தரவு. ஆனா பேச்சு பதிவுல இருக்கு. நான் பேசினது ஒரு எழுத்து விடாம பதிவாகும். அதை வெச்சு அமைச்சர்கிட்ட..."

"நாலு நாற்காலின்னு பேசினியே. அந்த வாய்தானே?"

"கும்கார்த் பேரு உள்ள வரணும்னு சண்டை போட்டு வாங்கினதே நான்தான் ஆன்ட்டி. அதுகூட இல்லாம இருந்துச்சு."

அவன் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள். எதிரி என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இவர்கள் பிணத்தைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, உயிரோடு இருக்கிறான் என்று ஐம்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"பசின்னு வந்து நின்னப்ப உன் தட்டைக் கவனத்துல மட்டும் கொண்டிருக்கணும் நான்," என்றாள். அவன் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

காரில் கெயின்வெனிடம் சொன்னபோது, அவள் முதலில் நம்பவில்லை. பிறகு ஓரமாக வண்டியை நிறுத்தி, தாளை வாங்கிப் படித்துவிட்டு, ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தாள். "நான் அவர்கிட்ட ஜெயிச்சாச்சுன்னு சொல்லிட்டேனேடி. அழுதாரு போன்ல." இட்வலிடம் எப்படிச் சொல்வது என்று மெய்னிர் வழி முழுக்க ஒத்திகை பார்த்தாள். கோபமாகச் சொன்னால் அவனும் கோபப்படுவான், கோபம் வந்தால் பிடிவாதம் வரும். நாளைக்கு வியாழன், காலையில் அவனைக் காரில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் திரும்பியதும் சொல்லலாம். ஒரு நாள் தள்ளினால் குடி முழுகிவிடாது.

வீட்டுக்குள் நுழையும்போது ஆறு மணி. இட்வல் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டிருந்தான். சிறுநீரகம் நீரை வெளியேற்றாததால் ஒரு நாளைக்கு அவன் குடிக்கக்கூடியது பள்ளிக் குழந்தைகளுக்குப் பால் ஊற்றும் குட்டிப் பாட்டிலில் மூன்று. அந்தப் பாட்டில் கழுவிக் கவிழ்க்கப்பட்டு ஜன்னலில் இருந்தது. மேசையில் அவனுடைய பழைய சுரங்கத்துப் பெரிய குவளை, விளிம்பு வரை தேநீரோடு.

"இது ரெண்டாவது," என்றான், பிடிபட்ட பையன் மாதிரிச் சிரித்துக்கொண்டு. "இன்னிக்கு ஒரு நாள் திட்டாதே. உக்காரு, யாரு யாரு என்ன பேசினாங்கன்னு ஒண்ணு விடாம சொல்லு."

"நாளைக்குச் சீக்கிரம் எந்திரிக்கணும் இட்வல்."

"எதுக்கு? காரை வேண்டாம்னு சொல்லிட்டேனே."

"எந்தக் காரை?"

"ஆஸ்பத்திரிக் காரைத்தான். கெயின்வென் சொன்ன உடனே போன் பண்ணினேன். எங்க பேரவை சட்டம் போட்டாச்சு, எங்க ரூமைத் திறக்கப் போறாங்க, என் பேரை அடிச்சிருங்கன்னேன். அந்தப் பொண்ணு வாழ்த்துச் சொல்லிச்சு. ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆனா என்ன, பொறுத்துக்கிறேன்."

அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள். அலுவலக நேரம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை என்றது பதிவுசெய்த குரல், முதலில் வெல்ஷில், பிறகு ஆங்கிலத்தில். அவள் ரிசீவரை வைக்கவில்லை.

"யாருக்குப் போன் பண்றே?" என்று கேட்டுக்கொண்டே இட்வல் குவளையை எடுக்கக் கை நீட்டினான்.

மெய்னிர் எட்டி, குவளையின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். ஆவி அவள் விரலிடுக்குகளில் கசிந்து ஏறியது. அவன் சிரித்தபடி அவள் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இழுத்தான். தோல் எரிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.