பெயர் கூப்பிடாத நூலகம்

எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது எனக்குத் தெரியாமல் போனதில்லை. அடுத்த வீட்டு வேலாயியின் மகள் வனிதா மூன்று நாளாகப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவது மட்டும் தெரியாமல் போகுமா?

ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து பத்து நாள்தான். தேயிலையில் வரும் கொப்புள நோய் அவள் கேட்ட தலைப்பு. அதைப் பற்றி முன்பே வந்த ஐந்து கட்டுரைகளைத் தேடி வெள்ளிக்கிழமை மாலைக்குள் பேராசிரியருக்கு அனுப்பாவிட்டால் தலைப்பு வேறு ஒருவருக்குப் போய்விடுமாம். அப்படியிருந்தும் வெறுங்கை என்றால், எவனோ ஒரு பையன் இருக்கிறான் என்று முடிவுகட்டினேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டு, கேரட் வாங்கப் போவதாக வேலாயியிடம் சொல்லிவிட்டு ஊட்டி பஸ் ஏறினேன்.

பையனும் இல்லை, கிய்யனும் இல்லை. நூலக வாசல் பெஞ்சில் வனிதா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி, இங்க என்ன பண்ணற?"

"பேரு கூப்புடலைங்க அத்தை. வாசல் நோட்டுல தெனமும் எழுதிட்டுத்தான் இருக்கறேன்."

எங்களுக்கு அதுதானே வழக்கம். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரிசையாக நிற்போம். மேஸ்திரி பெயர் கூப்பிட்ட பிறகுதான் தோட்டத்துக்குள் கால் வைப்போம். முந்திப் போனவளை நானே ஏசியிருக்கிறேன். எனவே நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருந்தேன்.

நூலகர் சில்வஸ்டர் டீ குடிக்க வெளியே வந்தார். "ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?"

"இவ பேரை எப்பங்க கூப்புடுவீங்க? மூணு நாளாச்சு."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது வந்தவங்க கையெழுத்துப் போடற நோட்டும்மா! போட்டுட்டு நேரா உள்ள வர வேண்டியதுதான். கார்டு குடுத்திருக்கோமே!"

டீயை மறந்து எங்களை உள்ளே கூட்டிப்போனார். நான் செருப்பைக் கழற்றினேன். "தரை சில்லுனு இருக்கும், போட்டுக்குங்க" என்றார். கூரை வரை புத்தகம். வனிதா கம்ப்யூட்டரில் நோயின் பெயரை அடித்தாள். எண்ணூற்றுச் சொச்சம் கட்டுரைகள் வந்து நின்றன.

"இங்க இல்லாததை வேற நூலகத்துல கேட்டு வாங்கித் தருவோம்" என்றார் சில்வஸ்டர்.

"அதுக்கு யாரு கையெழுத்துங்க?" என்று வனிதா கேட்டாள்.

"உங்க கையெழுத்துதான்."

மழைக்காலத்தில் கொழுந்தில் வெள்ளைப் பொட்டைக் கண்டால் முகம் சுளித்துக் கிள்ளி எறிவோம். அதையே ஒருவர் அசாமில், ஒருவர் கண்டியில், ஒருவர் ஜப்பானில் உட்கார்ந்து வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார்கள். பெரிதாக்கிய படத்தில் அந்தப் பொட்டு உறைபனி விழுந்த புல்வெளி போல விரிந்து கிடந்தது. இருபது வருடம் அதை என் விரல் தொட்டிருக்கிறது. கண் ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை.

நாலரைக்கு ஐந்து கட்டுரைகளும் போயின. ஐந்துக்குப் பேராசிரியரின் பதில் வந்தது: தலைப்பு உனக்கே, திங்கட்கிழமை தொடங்கு.

"திங்கக்கெழமையாம்" என்றாள் வனிதா. சொல்லிக்கொண்டே ஆறாவது கட்டுரையைத் திறந்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.