அறுந்த ஒலிபரப்புக்கு ஒரு வெண்கலத் தகடு

ஒலிநாடா கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது ரான் ரேபிஸ் "ஆஹா!" என்றார். வகுப்பே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வேறெதுவும் சொல்ல வழியில்லை.

அவர் நடத்திக்கொண்டிருந்த பாடத்தின் பெயர் 'எதிர்ப்பின் கலை'. வருகைப்பதிவு கட்டாயம். தாமதமாக வந்தால் மதிப்பெண் குறையும்.

இந்தப் பாடத்தை நடத்த ரானுக்கு இருந்த ஒரே தகுதி, ஒஹையோவின் கார்வெல் கல்லூரி 1979-ல் அவருடைய வாயை அடைத்தது. அப்போது அவருடைய பங்க் ராக் குழுவுக்கு 'சீவேஜ் கமிட்டி' என்று பெயர். மூன்று பேர், மூவரும் மருத்துவமனைச் சுவரில் இருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டவர்கள்: பாட்டுக்கும் கிதாருக்கும் ரான் ரேபிஸ், டிரம்ஸுக்கு டெட் டெட்டனஸ், பேஸ் கிதாருக்கு மிக் மம்ப்ஸ். கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் அவர்கள் நடத்திய கச்சேரியைக் கல்லூரி வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. பாதியில், 'மேயருக்கு ஒரு வாழ்த்து' என்ற பாட்டு தொடங்கும் நேரத்தில், ஒலிபரப்பு அறுந்தது. ஊர் முழுக்க வானொலிப் பெட்டிகளில் வெறும் இரைச்சல். அந்தப் பாட்டில் மேயரை என்னவெல்லாம் வாழ்த்தியிருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும் என்பதால், கல்லூரிதான் அறுத்தது என்று எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது.

பிறகு கதை தானாக வளர்ந்தது. முதலில் போலீஸ் வந்தது. சில வருடங்களில் போலீஸ் நாய்களும் வந்தன. ஒரு பத்திரிகைப் பேட்டியில் யாரோ ஹெலிகாப்டரையும் சேர்த்தார்கள். ரான் எதையும் மறுக்கவில்லை. தன்னடக்கம் காரணமாக நாயை மட்டும் கொஞ்சம் சிறியதாக்கிச் சொல்வார்.

குழு ஒரு இசைத்தட்டுகூட வெளியிடவில்லை. அவர்களைக் கேட்டவர்கள் அநேகமாக யாருமில்லை, தெரியாதவர்களும் யாருமில்லை. இந்த ஏற்பாடு ரானுக்கு மிகவும் வசதியாக இருந்தது.

இப்போது கல்லூரி அந்தத் தடைக்காகப் பகிரங்க மன்னிப்புக் கேட்கப் போகிறது. வெண்கலத் தகடு பதிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, பழைய பனிச்சறுக்குக் காலணிகள் கிடந்த அலமாரியிலிருந்து அன்றைய ஒலிநாடா வெளியே வந்து தொலைத்தது.

ஏனென்றால் உண்மை வேறு. அன்று ரானின் அம்மா, சர்ச் தோழிகள் நாலைந்து பேரைச் சமையலறையில் உட்கார வைத்து, பியரோகிக் கொழுக்கட்டை பரிமாறி, "எம்புள்ள ரேடியோல பாடறான், கேளுங்க" என்று வானொலியைச் சத்தமாக வைத்திருந்தார். இது கச்சேரிக்கு நடுவில்தான் ரானுக்கு நினைவு வந்தது. மேயரை வாழ்த்துவதற்கு ஒரு கணம் முன்னால், வானொலி நிலையத்துக்குப் போகும் ஒயரை அவரே பிடுங்கச் சொன்னார். மிக்கும் டெட்டும் யாரிடமும் சொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். மிக் அதைக் காப்பாற்றியபடியே செத்தும் போனான். ஆனால் மேடை ஓரத்தில் யாரோ ஒரு மாணவன் தனியாக ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, தன் டேப் மெஷினில் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தான். அது சத்தியம் எதுவும் செய்யவில்லை.

வகுப்பு முடிந்ததும் ரான் வானொலி நிலையத்துக்கு ஓடினார். ஆவணப் பொறுப்பில் இருந்த மாணவி பெட்ரா சிம்கோ, ஆப்பிள் வற்றல் போடும் மின்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தட்டில் ஆப்பிளுக்குப் பதிலாக ஒலிநாடா இருந்தது.

"என்னம்மா இது, சமைக்கறியா?"

"பழைய நாடா சார், பிசின் மாதிரி ஒட்டுது. அப்படியே ஓட்டினா உரிஞ்சு வந்துடும். இளஞ்சூட்ல நாள் பூரா வச்சா ஈரம் போயிடும், ஒரு தரம் ஒழுங்கா ஓடும். அப்பவே நகல் எடுத்துடணும்."

"சூடு கொஞ்சம் ஜாஸ்தியாச்சுன்னா?"

"போச்சு சார். உருகிடும்."

"அடப்பாவமே," என்றார் ரான். அவர் குரலில் இருந்த நம்பிக்கையை அவள் கவனிக்கவில்லை.

பெட்ரா காப்பி வாங்கி வரப் போனாள். ரான் மின்பெட்டியின் குமிழைப் பிடித்துக் கடைசிவரை திருப்பினார். வேலை முடிந்தது. இனி நாய்களும் ஹெலிகாப்டரும் பத்திரம்.

பெட்டி லேசாக முனகியது. வெந்த ஆப்பிள் வாசனை வந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: மிக் வாசித்தது உலகத்தில் வேறெங்குமே இல்லை. அவனுடைய பெண், அப்பா கிதார் வாசிப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறாளே தவிர, ஒரு சுரம் கேட்டதில்லை. நாடா ஓடினால் ரானின் கதை செத்தது. உருகினால் மிக் இன்னொரு தரம் செத்தான்.

ரான் வாய்க்குள் மேயரை வாழ்த்தும் பாட்டில் வரும் முக்கியமான வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினார்.

மறுநாள் நாடா ஓடியது, நகலும் பதிவாகிக்கொண்டிருந்தது. பெட்ராவும் ரானும் கேட்டார்கள். பாட்டுகள், கைதட்டல், யாரோ பீர் கேட்பது. பிறகு இளவயது ரானின் குரல், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு: "டேய் டெட், அந்தத்..." இங்கே ஒரு கெட்ட வார்த்தை, "...ஒயரப் புடுங்குடா! எங்கம்மா கேட்டுட்டு இருக்காங்க!"

பெட்ரா நாடாவை நிறுத்தவில்லை. சிரிக்கவுமில்லை. அதுதான் ரானுக்குத் தாங்கவில்லை.

"இத வெளிய விடப் போறியா?"

"உங்க பாட்டு, உங்க குரல் சார். நீங்க வேணாம்னா விடமாட்டேன். ஆனா வெட்ட மட்டும் சொல்லாதீங்க. ஆவணத்துல முழுசாத்தான் இருக்கும்."

ரான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "முழுசா போடு" என்றார். அப்படியே டீனிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

டீன் விட்லோ பொறுமையாகக் கேட்டார்.

"தகடு அடிச்சாச்சே ரான்."

"நீங்க தப்பே பண்ணலைங்கறேன்."

"அத நீங்க சொல்லக் கூடாது. மன்னிப்புக் கேக்கறது நாங்க. ஒரு வருஷமா கமிட்டி உக்காந்து எங்க மேல தப்புன்னு கண்டுபிடிச்சிருக்கு. பக்கத்து ஊர்க் காலேஜ பாருங்க, எல்லாத்தையும் அனுமதிச்சுட்டு இன்னிக்கு வருத்தப்படக்கூட ஒண்ணுமில்லாம நிக்கறான். நீங்க போய் ரெஸ்ட் எடுங்க."

சனிக்கிழமை மதியம் விழா. உடற்பயிற்சிக் கூடம் நிரம்பியிருந்தது. டெட் வந்திருந்தான்; இப்போது பல் டாக்டர். கல்லூரி வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. கருத்துச் சுதந்திரத்தை நெரித்ததற்காகக் கல்லூரி தலைகுனிகிறது என்று டீன் வாசித்தார். தலையும் குனிந்தார், புகைப்படத்துக்குப் போதுமான நேரம். பிறகு நாடாவின் நகலை, அன்று ஒலிபரப்பு அறுந்த இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து, ஓடவிட்டார்கள்.

பகலில் கெட்ட வார்த்தை ஒலிபரப்பினால் வானொலி நிலையத்தின் உரிமத்துக்கே ஆபத்து. சட்டம் அப்படி. ஆகவே டீனே ஒலிபெருக்கிக்கும் ஒலிபரப்புக்கும் சேர்த்து இருந்த பொத்தானில் விரலை வைத்து உட்கார்ந்திருந்தார். "டேய் டெட், அந்தத்" என்று நாடா சொன்னதுதான் தாமதம், அமுக்கிவிட்டார்.

கூடம் ஸ்தம்பித்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. தடையை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

ரான் மேடைக்கு ஓடினார். "நிறுத்துங்க! அன்னிக்கு காலேஜ் அறுக்கல. நான்தான் புடுங்கச் சொன்னேன். எங்கம்மா கேட்டுட்டு இருந்தாங்க. கெட்ட வார்த்த வருமேன்னு பயந்துட்டேன். போலீஸ் வரல. நாய் வரல. ஹெலிகாப்டர்... அது யார் சொன்னதுன்னே தெரியல!"

முன்வரிசையில் அவருடைய சொந்த மாணவன் ஒருவன் எழுந்தான். ஒருநாள்கூடத் தாமதமாக வராதவன்.

"சார இப்படிச் சொல்லச் சொல்லி மெரட்டியிருக்கானுங்க!"

கூடம் கொதித்தது. "அம்மாவையெல்லாம் இழுக்கறாங்களே!" என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீன் ரானின் காதில் கிசுகிசுத்தார்: "இதுக்கும் ஒரு மன்னிப்பு கேட்டுடறோம். கமிட்டி போடறேன்."

"அதெல்லாம் வேணாம். ரேடியோவ நிறுத்திட்டு பாட்ட போடுங்க. இவங்களாவது கேக்கட்டும்."

டீன் யோசித்தார். ஒலிபரப்பு இல்லையென்றால் சட்டச் சிக்கல் இல்லை. தலையாட்டினார்.

பெட்ரா ஓடவிட்டாள். 'மேயருக்கு ஒரு வாழ்த்து' 1979-க்குப் பிறகு முதல்முறையாக இந்த ஊரின் காதில் விழுந்தது. தகர டப்பாக்கள் நிறைந்த லாரி மாடிப்படியில் இறங்குவதுபோல் இருந்தது. கருத்துச் சுதந்திரத்துக்காகக் கண்ணீர் விட்டவள் காதைப் பொத்திக்கொண்டாள். விழா கேக் இருந்த காகிதத் தட்டுகளைக் கையில் ஏந்தியபடி, முகத்தில் மரியாதை மாறாமல், ஒவ்வொருவராகப் பின்வாங்கி வராந்தாவுக்குப் போனார்கள். "முக்கியமான படைப்பு," என்றார் போகிறவர்களில் ஒருவர். "காரை எடுக்கணும்."

பாட்டு முடிந்தபோது பெட்ராவும் டெட்டும் ரானும்தான் இருந்தார்கள். கடைசி வரிசையில் இன்னொருத்தியும், மிக்கின் பெண், கேக் தட்டை மடியில் வைத்து, தொடாமல்.

"டேய், நாம இவ்ளோ மோசமாவாடா வாசிச்சோம்?" என்றான் டெட்.

"நாம ரெண்டு பேரும் அப்படித்தான். மிக்க கேட்டியா? கரெக்டா வாசிச்சிருக்கான்டா. நாம போன எடத்துக்கெல்லாம் பின்னாடியே வந்து தூக்கி நிறுத்தியிருக்கான் நாயி."

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. "அதுல எது அப்பா? எனக்குப் பிரிச்சுக் கேக்கத் தெரியல."

ரான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "சொல்றேன். அந்த அடித்தொண்டையில உறுமுற மாதிரி வருதுல்ல, அது. பெட்ரா, இன்னொரு தரம் போடும்மா."

சத்தம் விருந்தினர்களைத் தொந்தரவு செய்கிறது என்பதால், டீன் வெளியிலிருந்து கதவை மெதுவாக, மிகுந்த மரியாதையுடன், சாத்தினார்.