மேஜர் பிடித்த கௌதாரி

மேஜர் பாலக்கரை வீட்டுக்கு வந்தது ஐம்பத்தாறாம் வருஷம். பொன்மலை ரயில்வேயிலிருந்த வெள்ளைக்காரர் சீமைக்குக் கப்பலேறும்போது ஷேக் தாவூதிடம் கொடுத்துவிட்டுப் போன வேட்டை நாய். கன்றுக்குட்டி உயரம், உடம்பெங்கும் தேங்காய் நார் போல முரட்டு முடி.

“வீட்டுக்குள்ள நாயா? வானத்து மலக்குமார் வாசல்லயே திரும்பிப் போயிடுவாங்க” என்றாள் ஷரபுன்னிசா.

“வேட்டை நாய்னா மார்க்கத்துல அனுமதி இருக்கு. பள்ளிவாசல் ஹஜரத்தையே கேட்டுட்டேன்” என்றார் கணவர்.

அனுமதிக்கு வேட்டை வேண்டுமே. ஞாயிறுதோறும் அவரும் மேஜரும் கொள்ளிடக்கரைக்குப் போய் ஒரு கௌதாரியோடு திரும்பினார்கள். “மேஜர் கவ்விட்டான், புள்ள!” என்பார். கௌதாரியின் கால்களில் சந்தைக்காரன் கட்டிய பனைநார் அப்படியே இருக்கும். ஷரபுன்னிசா அதை அவிழ்த்து அடுப்பில் போட்டுவிட்டு மசாலா அரைப்பாள். ஐந்து வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மேஜருக்கு எலும்புச்சோறு வைப்பாள், உண்ணி எடுப்பாள், பிறகு கையை மண் போட்டு ஏழு தடவை கழுவுவாள்.

அறுபத்தொன்றில் ஷேக் தாவூது மவுத்தானார். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் கொழுந்தன் முகம்மது கனி திரைக்கு அப்பாலிருந்து பேசினார். கணவனை இழந்து இத்தா எனும் துக்கத் தனிமையில் இருப்பவளிடம் நேரில் பேச முடியாதே.

“அண்ணன் இருந்தப்ப வேட்டை நாய், சரி. இப்ப வெறும் நாய்தானே, அண்ணி? ஆள் அனுப்பறேன், கொண்டு போகட்டும்.”

திரைக்கு இந்தப் பக்கம் மேஜர் இறந்தவரின் செருப்பைக் கவ்விக்கொண்டு படுத்திருந்தது. அது ஆயுளில் கவ்விப் பிடித்த ஒரே பொருள் அதுதான்.

“வேட்டைக்கு இப்பவும் போகுதே. ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க” என்றாள்.

“தனியாவா?”

“பழக்கினது உங்க அண்ணனாச்சே.”

ஞாயிறு காலை பக்கத்து வீட்டு சாரா பீவி சந்தையிலிருந்து கௌதாரி வாங்கி வந்தாள். மேஜர் மோந்து பார்த்துத் தும்மிவிட்டு, ஷரபுன்னிசாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

கனி எலும்பை உறிஞ்சிச் சாப்பிட்டார். “அண்ணன் கொண்டாந்த அதே ருசி. ஆனா வாயில்லாச் சீவனைத் தனியா அனுப்பலாமா? அடுத்த வாரம் நானே கூட்டிட்டுப் போறேன்.”

கொள்ளிடத்தில் ஒரு கௌதாரி எதிரே பறந்தால் போதும், மேஜரின் குட்டு உடைந்துவிடும். மறுநாளே ஆள் வருவான்.

அடுத்த ஞாயிறு அவள் உலை வைக்கவேயில்லை. உச்சிவெயிலில் மேஜர் மூச்சிரைக்க வந்து அவள் காலடியில் விழுந்தது. திரையை விலக்கி ஒரு கை மட்டும் நீண்டது.

“மேஜர் கவ்விட்டான், அண்ணி!”

அச்சு அசல் கணவரின் குரல்.

கௌதாரியை வாங்கியவள், உட்கார்ந்து மேஜரின் முடிக்குள் மற்றக் கையை நுழைத்துக் கோதினாள். பிறகு கௌதாரியின் காலிலிருந்த பனைநாரை அவிழ்த்தாள்.