அம்மா பிடித்த இரண்டு அவுட்

என் மகள் உதயா டெல்லி மாநில ஸாஃப்ட்பால் அணியின் கேட்சர். இதை நான் சொல்லாத ஆள் ஆபீஸில் கிடையாது. லோதி ரோட்டில் எங்கள் செக்‌ஷனில் யாருக்கும் ஸாஃப்ட்பால் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் உதயாவை எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்குத்தான் அந்தப் பெருமை ஒட்டவில்லை. போன வருஷம் வெளியூரில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஒரு மகாராஷ்டிரப் பெண் சிரித்துக்கொண்டே இந்தியில் கேட்டிருக்கிறாள்: டெல்லி டீமில் சேர ஆடத் தெரிய வேண்டுமா, ஆதார் கார்டு இருந்தால் போதுமா? அன்றைக்குப் பிடித்தது சனி. மயூர் விஹார் வீட்டில் அதன் பிறகு ஒரே கேள்விதான்.

"அப்பா, நான் நெஜமாவே நல்லா ஆடுதேனா? இல்ல, டெல்லிங்கதால டீம்ல இருக்கேனா?"

நல்லாத்தான் ஆடுகிறாய் என்று நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். நம்பினால்தானே!

அந்த மகாராஷ்டிரப் பெண் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். டெல்லி அணிக்குப் பதினாறு பேர் வேண்டும். தேர்வுக்கு வந்ததே இருபது பேர், அதிலும் இரண்டு பேர் தோழிக்குத் துணையாக வந்தவர்கள். பயிற்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் கிரிக்கெட் பையன்கள் மனசு வைத்து மைதானத்தை விட்டால். நவம்பரில் புகை மூட்டம் வந்துவிட்டால் அதற்கும் முழுக்கு. தமிழ்நாட்டு அணியிலோ பாதிப் பேர் விளையாட்டு விடுதிப் பிள்ளைகள். காலையிலும் மாலையிலும் பயிற்சி. மாவட்டத்தோடு மாவட்டம் மோதி, கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள்தான் மாநில அணி. உதயா எங்கள் திருநெல்வேலியில் வளர்ந்திருந்தால் ஜில்லா அணியிலாவது இருப்பாளா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவளுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

இந்த வருஷம் போட்டி டெல்லியிலேயே நடந்தது. தமிழ்நாட்டோடு ஓர் ஆட்டம் என்று அட்டவணை வந்ததும், "அச்சா, அன்னைக்குத் தெரிஞ்சிரும்" என்றாள்.

நான் லீவு போட்டுவிட்டுப் போய்க் கம்பிவேலியை ஒட்டி உட்கார்ந்தேன். என் மனைவி தங்கம் வரவில்லை. பெற்ற பிள்ளை மேல் பந்து படுவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லையாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பந்து வீசுகிறவளின் கையை விட்டுப் பந்து கிளம்பியதுமே, முதல் பேஸில், அதாவது ஓடிச் சேர வேண்டிய முதல் கட்டத்தில், நிற்கிற எதிரணிப் பெண் இரண்டாம் பேஸுக்கு ஓடிவிடலாம். பேஸைத் திருடுவது என்று அதற்குப் பெயர். திருட்டைத் தடுக்க வேண்டியவள் கேட்சர். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து, பந்தை வாங்கிய வேகத்தில் எழுந்து, ஓடுகிறவளுக்கு முன்னால் பந்து போய்ச் சேரும்படி இரண்டாம் பேஸுக்கு எறிய வேண்டும். கேட்சரின் தரம் தெரிகிற இடம் அதுதான்.

தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி முதல் பேஸுக்கு வந்து நின்றாள். அவர்களுடைய கோச் கோட்டுக்கு வெளியே நின்று வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக் கத்தினார்.

"அடுத்த பந்துல சோலிய முடி!"

மனிதருக்கு எங்கள் பக்கத்து ஊர் போலிருக்கிறது. ச-வை அழுத்தி ‘ச்சோலி’ என்றார். டெல்லிப் பெண்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். இந்தியில் சோலி என்றால் ரவிக்கை. வயசான மனிதர் ஒருவர் நடு மைதானத்தில் ரவிக்கை, ரவிக்கை என்று கத்தினால் சிரிக்க மாட்டார்களா? உதயா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டக்கூட வராது. ஆனால் "போயி ஒஞ் சோலியப் பாருட்டி" என்று தங்கம் விரட்டாத நாள் உண்டா? சோலி என்றால் வேலை என்று அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்தே தெரியும். அடுத்த பந்தில் ஓடச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த பந்தில் அந்தப் பெண் ஓடினாள். உதயா எறிந்த பந்து அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அவுட்.

கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி பேஸுக்கு வந்தாள். கோச் மறுபடியும் சோலி என்றார், அவளும் மாட்டினாள். டெல்லியில் யாருக்குத் தமிழ் புரியப்போகிறது என்று நினைத்துவிட்டார் பாவம். நான் எழுந்து நின்று கைதட்டினேன். சரியான அதிர்ஷ்டம், இப்படியே போனால் ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பூங்கோதை மட்டையோடு வந்தாள். அவர்கள் அணியிலேயே வேகமாக ஓடுகிறவள் என்று முந்தைய ஆட்டங்களைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். உதயா முகமூடியைத் தூக்கி அவளிடம் என்னவோ சொன்னாள். பூங்கோதை வாயைப் பிளந்தாள். அம்பயரிடம் நேரம் கேட்டுவிட்டு நேரே கோச்சிடம் ஓடினாள். கோச் உதயாவை உற்றுப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. தொப்பியைத் தொட்டார், காதைத் தொட்டார், எல்லாம் கை ஜாடைதான்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உடம்பெல்லாம் எரிந்தது. இன்னிங்ஸ் முடிந்து அவள் வெளியே வந்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அவ கிட்ட என்ன சொன்ன?"

"ஒங்க சாரு சொல்லுதது எனக்கு வெளங்குதுக்கா, வேற எதாச்சும் சொல்லச் சொல்லுங்கன்னு சொன்னேன்."

"அத எதுக்குட்டி சொன்ன? தானா வந்தத எவளாவது வேண்டாம்பாளா?"

"அரே, அந்த ரெண்டு அவுட்டும் அம்மா புடிச்சதுப்பா. நான் புடிக்க வேண்டாமா?"

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். 

பிறகு நடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் கடைத்தெருவுக்குப் போகிற மாதிரி போய்வந்துகொண்டிருந்தார்கள். உதயா ஒவ்வொரு தடவையும் எழுந்து எறிந்தாள், ஒவ்வொரு தடவையும் பந்து போகும் முன்னே கால் போய்விட்டது. ஒரு எறி தலைக்கு மேலே பறந்து புல்வெளிக்குப் போனது. பூங்கோதை மட்டும் இரண்டு முறை திருடினாள். பக்கத்தில் நின்ற ஒருவர் இதெல்லாம் டெல்லிப் பெண்களுக்கு ஆகாத காரியம் என்று இந்தியில் சொன்னார். அவரை அடித்தால் என்ன என்றிருந்தது.

கடைசி இன்னிங்ஸில் பூங்கோதை மறுபடியும் முதல் பேஸில் நின்றாள். கோச் மூக்கைச் சொறிந்தார். அது ஜாடையா, உண்மையிலேயே அரித்ததா, யார் கண்டது? உதயாவுக்கும் தெரிந்திருக்காது. பந்து வந்தது. பூங்கோதை பாய்ந்தாள். உதயா எழுந்ததை நான் பார்க்கவில்லை, எறிந்ததை மட்டும்தான் பார்த்தேன். இரண்டாம் பேஸில் புழுதி கிளம்பியது. அம்பயர் கை மேலே போனது.

ஆட்டத்தில் தோற்றோம், படுதோல்வி. உதயா கேட்சர் கவசத்தைக்கூடக் கழற்றாமல் வேலியோரம் வந்தாள். முழங்காலெல்லாம் மண், கன்னத்தில் முகமூடிக் கம்பி அழுத்திய தடம்.

"எத்தன பேரு ஓடிப் போனாங்கப்பா?"

"ஆறு தடவ."

"மாட்டுனது ஒருத்தி. பத்தாதுல்லா?"

சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை.

"பத்தாது" என்றேன். 

 அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். என் மகள் அப்படிச் சிரித்து ஒரு வருஷமாகியிருந்தது.

"ஆனா அந்த ஒண்ணு என்னோடதுப்பா" என்றாள்.