நீ அடித்த நாளில்

பெங்களூரில் உள்ள ஓர் இசைக்குழு உங்கள் கவிதைகளைப் பாட்டாக்கி மேடையில் பாட விரும்புகிறது என்று பதிப்பாளர் போனில் சொன்னபோது, ஆக்சிலியா சரி என்றாள். இசையமைப்பது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்த பிறகுதான் தெரிந்தது. அவள் பெயருக்குக் கீழே டேவிட்ராஜின் பெயர் இருந்தது.

அவன் அவளுடைய கணவன். பிரிந்து வந்து காரிமங்கலத்தில் வீடெடுத்து, பள்ளியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த வருஷங்களில் அவள் எழுதிய கவிதைகள் முழுக்க அவனைப் பற்றியவைதான். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அது தெரியும். தன்னைத் திட்டி எழுதியதற்கே இசை போடுகிறானே, எவ்வளவு பெரிய மனசு என்று இப்போது அதே சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

நிகழ்ச்சி தருமபுரியில் ஒரு கல்லூரி அரங்கத்தில் நடக்கவிருந்தது. அன்று மத்தியானம் ஒத்திகைக்கே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் வயலின்கள், செல்லோ, பியானோ முன்னால் டேவிட்ராஜ். பெங்களூரிலிருந்து வந்திருந்த பிரியதர்ஷினி பாடினாள். குறை சொல்ல ஏதாவது கிடைக்கும் என்று காத்திருந்தவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தது. அதுவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஐந்தாவது பாட்டில் பிரியதர்ஷினி, "நாம் அழுத நாளில் கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது" என்று பாடினாள்.

ஆக்சிலியா எழுந்து மேடைக்கு நடந்தாள்.

"அந்த வரி அப்படி இல்லீங்க. நீ அடித்த நாளில்னு எழுதியிருக்கேன்."

டேவிட்ராஜ் கையை உயர்த்தி வாத்தியங்களை நிறுத்தினான். "மெட்டுக்கு ஒக்காரல. மாத்திட்டேன்."

"ரெண்டும் ஒரே நீளம்தான். எங்க ஒக்காரலன்னு வாசிச்சுக் காட்டுங்க."

அவன் பியானோவைத் தொடவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினான். "சாயங்காலம் அம்மா முன்வரிசையில ஒக்காந்திருப்பாங்க. சர்ச் ஃபாதர் வர்றாரு. அவங்க முன்னாடி என்னைய நிக்க வெச்சு அடிக்கலாம்னு பாக்கறயா?"

"அடிச்சது நீங்கதானுங்களே."

"அதான் புக்கு போட்டு ஊருக்கே சொல்லிட்டயே. இன்னும் என்ன வேணும் ஒனக்கு?"

"நம்ம வூட்ல உங்கள ஒரு நாளாச்சும் நீன்னு சொல்லியிருக்கனா? அடி வாங்கறப்பவும் வாங்க போங்கதான். எழுதறப்ப மட்டும்தான் நீன்னு சொல்ல முடிஞ்சது. அதையும் எடுத்துட்டு, நானும் சேந்து அழுதேன்னு போட்டிருக்கீங்க."

"பாட்டு என்னுது," என்றான் அவன். "பதிப்பாளர் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. நீ வூட்டுக்குப் போ."

அவள் பிரியதர்ஷினியைப் பார்த்தாள். பாடகி தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டே, "எங்கிட்ட குடுத்தத நான் பாடறேன் மேடம். உங்களுக்குள்ள இருக்கறதுக்கு என்னைய இழுக்காதீங்க," என்றாள்.

ஆக்சிலியா வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் அரங்கம் நிறைந்தபோது முன்வரிசையில், மாமியார் புஷ்பமேரிக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். புஷ்பமேரி கைப்பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார்.

நான்கு பாட்டுகள் முடிந்தன. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். ஐந்தாவதில் "நாம் அழுத" என்று குரல் எழும்பியதும் ஆக்சிலியா எழுந்து நின்றாள்.

"நீ அடித்த நாளில்," என்றாள். கத்தவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல்தான். வயலின்கள் ஒவ்வொன்றாக நின்றன. டேவிட்ராஜ் திரும்பினான். அவன் கண்ணைப் பார்த்தே இன்னொரு முறை சொன்னாள். "டேவிட், நீ அடித்த நாளில்."

பின்னாலிருந்து யாரோ, "வெளிய அனுப்புங்கப்பா," என்றார்கள். "குடும்பச் சண்டைய இங்க எதுக்கு?" என்றது இன்னொரு குரல். சர்ச்சைச் சேர்ந்த ஒருவர் வந்து அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் கையை உதறிவிட்டுத் தானாகவே நடந்து வெளியேறினாள். உள்ளே பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அந்த வரி வந்தபோது பாடும் குரல் கேட்கவில்லை. வாத்தியங்கள் மட்டும் அதைக் கடந்து போயின.

வாசல் படியில் நின்றிருந்தவளைத் தேடி புஷ்பமேரி வந்தார்.

"என் மவன் மானத்த வாங்கிட்ட. மனசு குளுந்துச்சா?"

"நீங்க பக்கத்து ரூம்லதான் இருந்தீங்க அத்தை. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்," என்றார் புஷ்பமேரி. "தெரிஞ்சதெல்லாம் மைக்கு முன்னால வெச்சுச் சொல்லணுமா? நானுந்தான் வாங்குனேன் அவங்கப்பாகிட்ட. யாருகிட்டப் போயிச் சொன்னேன்?"

ஆக்சிலியாவுக்கு அந்த நேரத்தில் அவர்மேல் இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. "நீங்க சொல்லியிருந்தா உங்க மவன் என்னைய அடிச்சிருக்க மாட்டாரு," என்றாள். புஷ்பமேரியின் வாய் கோணியது. திரும்பி உள்ளே போய்விட்டார்.

அடுத்த மாதம் பெங்களூரில் அதே நிகழ்ச்சி நடந்தது. மறுநாள் டேவிட்ராஜ் போன் செய்தான்.

"அந்தப் பாட்ட எடுத்துட்டேன். ஒம்போதுல எட்டுதான் பாடுனோம். இப்பத் திருப்தியா?"

"இல்ல," என்றாள். "உன்னைய எடுக்கச் சொல்லல. பாடச் சொன்னேன்."

அவன் போனை வைத்துவிட்டான்.