வெள்ளை ரோஜாவின் மேல் ஓர் ஈ

செசிலியாவின் அன்றைய சுறுசுறுப்பைப் பார்த்தால் வீட்டில் கல்யாணம் என்றுதான் நினைக்கத் தோன்றும். ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் போனால் ஜன்னல் அதிரும் அந்த மாடி அறையில், மாதா சுரூபத்துக்குப் பின்னால் தொங்கிய பூப்படத்தை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் கிடத்தியிருந்தாள். ஜப்பான் யுத்தத்துக்குப் பயந்து கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை, தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. பெல்ஜியம் பக்கத்து ஓவியன் எவனோ முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்ததாம். போன வாரம் பழஞ்சாமான் வியாபாரி சுலைமான் பாய் வந்து, ஒரு மூலையைப் பஞ்சால் ஒற்றித் துடைத்து, போனில் படம் பிடித்துப் போனார். சிங்கப்பூரில் வாங்க ஆள் இருக்கிறதாம்.

விற்றால் மகன் ராபர்ட் தப்பிப்பான். பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்கப் பெயர்ச்சீட்டுக் குலுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து பிள்ளை படி இறங்கவில்லை. காளை மாதிரி வளர்ந்தவன், ஜன்னல் திரைக்குப் பின்னாலேயே அடைந்து கிடந்தான். தாய்லாந்துக்குள் கொண்டுபோய்விட ஆள் தயார். கொடுக்கக் காசுதான் இல்லை. பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

மெழுகுவர்த்திப் புகைக்கறையை ஈரத்துணியால் துடைக்கத் துடைக்கப் பூக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூடவே, பாய் துடைத்த மூலையில், வெள்ளை ரோஜாவின் மேல் ஓர் ஈ! அடக் கடவுளே, இத்தனை காலமும் ஈ மொய்த்த பூவையா மாதாவுக்கு வைத்திருந்தோம்! வாடின பூவைக்கூடப் பீடத்தில் வைக்காத குடும்பம். தவிர, விலைக்குப் போகிற சாமான் லட்சணமாக இருக்க வேண்டாமா? பிளேடால் பதமாகச் சுரண்டினாள். கதவுக்கு அடித்து மீந்த வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு அந்த இடத்தில் தடவினாள்.

சாயங்காலம் வந்த சுலைமான் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் மேல் குனிந்தார். நிமிரவே இல்லை.

"செசிலியாக்கா, இங்க ஒரு ஈ இருந்துச்சே?"

"எடுத்துட்டேன் பாய். இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"போன்ல அந்த ஈயப் பாத்துத்தான்க்கா சிங்கப்பூர்க்காரங்க அசல்னு நம்புனாங்க. வரைஞ்சவன் எல்லாப் படத்துலயும் அத வைப்பானாம். சுரண்டுன படத்த இனி யாருக்கா தொடுவா?"

பாய் போனபிறகும் செசிலியா மேசையருகிலேயே நின்றாள். என் கையாலேயே கெடுத்தேனே, பாவி, என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அழாதம்மா," என்றான் ராபர்ட். "நல்லாத்தான் இருக்கு."

கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்தான். பயணத்துக்கு மடித்து வைத்திருந்த சட்டைகளை எடுத்து உதறி, படம் தொங்கிய ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டத் தொடங்கினான்.